பந்துக் கணக்கு யார் கையில்?

கேள்வி: "என் மகனுக்கு வயது 16. டெக்சஸில் பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சராக இருக்கிறான். இந்த சீசனில் 88 மைல் வேகத்தைத் தொட்டுவிட்டான். அதிலிருந்து வீட்டுக்குப் போன் வராத நாளில்லை. டிராவல் அணிக்காரர்கள் வருஷம் முழுக்க ஆடச் சொல்கிறார்கள். பள்ளிக் கோச் முக்கியமான ஆட்டம் எல்லாவற்றிலும் இவனையே இறக்குகிறார். 'அட்வைசர்' என்று ஒருவர் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போனார். நானும் மனைவியும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். இந்த விளையாட்டின் உள்விவகாரம் தெரியாது. காலேஜா, டிராஃப்டா? எப்படி முடிவெடுப்பது?"

பதில்: காலேஜா, தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டாம். அந்தக் கேள்வி உங்கள் வாசலுக்கு வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அன்றைக்கு உங்கள் மகனின் முழங்கையும் தோளும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அது வருவதும் வராமலே போவதும்.

இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு. அதை உங்களைத் தவிர யாரும் செய்யப் போவதில்லை. பையன் ஒரு வாரத்தில் மொத்தம் எத்தனை பந்து வீசுகிறான் என்ற கணக்கு அது. பள்ளிக் கோச்சுக்குச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் தெரியும். டிராவல் அணிக் கோச்சுக்குச் சனி, ஞாயிறு தெரியும். மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தனியாகச் சொல்லித்தரும் பிட்சிங் கோச்சுக்கு வியாழக்கிழமை தெரியும். மூவருமே நல்லவர்களாக இருக்கலாம், மூவருமே தங்கள் விதிக்குள் நிற்கலாம். மூன்றையும் கூட்டிப் பார்ப்பதற்கு மட்டும் ஆளில்லை. கூட்டிய மொத்தச் சுமை கையின் மேல் விழுகிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் ஐந்து பத்தி: தேதி, எந்த அணி, ஆட்டத்தில் எத்தனை பந்து, மறுநாள் காலையில் கை எப்படி இருந்தது, அடுத்து எந்தத் தேதிக்கு முன் மவுண்டில் ஏறக்கூடாது. எண்ணும் வேலையை நீங்களோ உங்கள் மனைவியோ கேலரியில் உட்கார்ந்தபடி செய்யுங்கள். பையனிடம் விடாதீர்கள். அவன் குறைத்துத்தான் சொல்வான்.

அந்தக் கடைசிப் பத்தியை எப்படி நிரப்புவது என்பதற்கு மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' அட்டவணை இருக்கிறது. 15, 16 வயதுக்காரர்கள் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் வீசக்கூடாது. 30 பந்து வரை வீசினால் ஓய்வு கட்டாயமில்லை. 45 வரை என்றால் ஒரு நாள், 60 வரை இரண்டு நாள், 75 வரை மூன்று நாள், 76ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. செவ்வாய்க்கிழமை பள்ளிக்காக 70 பந்து வீசினான் என்றால் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் போய் சனிக்கிழமைதான் அடுத்த ஆட்டம். அதே செவ்வாய்க்கிழமை 78 ஆகிவிட்டால் சனிக்கிழமையும் கிடையாது, ஞாயிறுதான். எட்டே பந்தில் டிராவல் அணியின் வாரக் கடைசித் திட்டம் குலைந்துவிடும். அதனால்தான் அந்த எட்டுப் பந்து அடிக்கடி யார் கண்ணிலும் படாமல் போகிறது.

2017 முதல் ஒவ்வொரு மாநிலப் பள்ளிச் சங்கமும் பந்து எண்ணிக்கைக்கு ஒரு விதி வைத்தாக வேண்டும் என்று தேசியப் பள்ளிக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியது. எண்ணிக்கை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் அந்த விதி பள்ளி ஆட்டத்தை மட்டுமே பார்க்கும். இன்னொன்று, அட்டவணையில் வருவது ஆட்டத்துப் பந்துதான். இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் போடும் வார்ம்-அப், புல்பென்னில் போடுவது, வியாழக்கிழமை ரேடார் கருவி வைத்து 'இன்னும் வேகமா' என்று வாங்கும் நாற்பது பந்து எதுவுமே அதில் சேராது. உங்கள் நோட்டில் சேருங்கள். பிட்சராக இறங்காத நாளில் அவனைக் கேட்சராக உட்கார வைக்கிறார்களா என்றும் பாருங்கள். கேட்சர் திருப்பி எறிவதும் எறிதல்தான். இரண்டு வேலையும் ஒரே பையனுக்கு வேண்டாம் என்று அந்த அட்டவணையே சொல்கிறது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பீர்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேகப் பந்துவீச்சாளரின் முதுகெலும்பு முறிவு பழகிய செய்தி. அங்கே கை நீட்டியபடி சுழல்வதால் சுமை பெரும்பாலும் இடுப்புக்கும் முதுகுக்கும் போகிறது. பேஸ்பால் பிட்சர் முழங்கையை மடக்கி, பின்னுக்குச் சாய்த்து, சொடுக்கி விடுகிறார். முழங்கையின் உட்பக்கத்தில் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிடித்து நிறுத்தும் ஒரு சின்ன நார் இருக்கிறது, யுசிஎல் என்பார்கள். ஒவ்வொரு வேகப்பந்திலும் அதன் தாங்கும் சக்தியின் விளிம்புவரை இழுபடுகிறது. கிணற்றுக் கயிறு ஒரே நாளில் அறுவதில்லை. பிரி பிரியாக விட்டுக்கொண்டே வந்து ஒரு நாள் வாளியோடு போகும். யுசிஎல் போவதும் அப்படித்தான்.

அது அறுந்தால் செய்வது டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். ஜான் திரும்பி வந்து 1989 வரை வீசினார். அறுவைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றி. இந்தக் கதையால் ஒரு பெரிய கெடுதல் விளைந்தது. 'அறுந்தால் என்ன, மாற்றிவிட்டால் முன்பைவிட வேகமாக வீசலாம்' என்று பெற்றோரே பேசத் தொடங்கிவிட்டார்கள். நம்பாதீர்கள். திரும்ப மவுண்டில் ஏற வருஷத்துக்கு மேல் ஆகும். பலருக்கு ஒன்றரை வருஷம். 17 வயதில் அந்த ஒன்றரை வருஷம் என்றால் காலேஜ் கோச்கள் ஆள் தேடும் காலம் முழுவதும் போய்விடும். திரும்பாமலே போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அதனால் எண்ணிக்கையில் அவர்களைச் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தொடங்கிய அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம், இளம் பிட்சர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறது. ஒரு வருஷத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குப் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. வருஷத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் வீசியவர்கள் அறுவை மேஜைக்குப் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு. கை களைத்திருந்தும் வழக்கமாக வீசிக்கொண்டே இருந்தவர்களுக்கு 36 மடங்கு. இந்தக் கடைசி எண்ணைத் திரும்பப் படியுங்கள். பந்து எண்ணிக்கையைவிட, களைத்த கையோடு வீசுவதுதான் ஆளைக் கொல்கிறது. அதனால் நோட்டில் நான்காவது பத்தி, மறுநாள் காலைப் பத்தி, அத்தனை முக்கியம்.

அதை நிரப்பவும் ஒரு வழி இருக்கிறது. 'வலிக்குதா?' என்று கேட்டால், "கொஞ்சம் டைட்டா இருக்குப்பா, அவ்வளவுதான்" என்றுதான் பதில் வரும். உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. கேட்காமல் பாருங்கள். முழங்கையை முழுக்க நீட்ட முடிகிறதா? தலை வாரும்போது கை முழுக்க மேலே போகிறதா? பையை மறு தோளில் மாட்டிக்கொண்டு வருகிறானா? ஆட்டத்தில் நான்காவது இன்னிங்ஸுக்குப் பிறகு பந்து உயரமாகவே போகிறதா? வேகம் இரண்டு மூன்று மைல் விழுகிறதா? வலி என்று வாயால் சொல்வதற்குப் பல வாரம் முன்பே இவை தெரிந்துவிடும். மாத்திரை போட்டு அமுக்கி மவுண்டில் ஏற்றுவது மட்டும் நம் வீட்டில் நடக்கக்கூடாது. முழங்கையின் உட்பக்கம் தொட்டால் வலிக்கிறது என்றால், பொது மருத்துவரைத் தாண்டி, பிட்சர்களைப் பார்த்துப் பழகிய விளையாட்டு எலும்பியல் மருத்துவரிடம் போங்கள். 16 வயதில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் இருக்கலாம். அதைப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

வருஷம் முழுக்க ஆடச் சொல்லும் டிராவல் அணிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வருஷத்தில் நான்கு மாதம் எறிதலே இல்லாமல், அதிலும் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக, கை ஓய வேண்டும் என்பது அதே பிட்ச் ஸ்மார்ட் சொல்வது. டெக்சஸில் வெயில் அடித்துக்கொண்டே இருப்பதால் அந்த இடைவெளியை வானிலை உங்களுக்குத் தராது. நீங்கள்தான் வெட்டி எடுக்க வேண்டும். பள்ளி சீசன் வசந்தத்தில், டிராவல் ஆட்டங்கள் கோடையில் என்றால், செப்டம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் கடைசி வரை பந்தைத் தொட வேண்டாம். ஓடட்டும், எடை தூக்கட்டும், கூடைப்பந்து ஆடட்டும். 'இலையுதிர்காலப் போட்டியில் வராவிட்டால் ஸ்கவுட் கண்ணில் படமாட்டான்' என்பார்கள். அவர்களுக்கு இரண்டு பேரை உதாரணம் காட்டுங்கள். ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். மூன்றாம் வருஷத்தில்தான் மவுண்டுக்கு வந்தார். 2010 டிராஃப்டில் ஒன்பதாவது சுற்றில் எடுத்தார்கள். 2018, 2019 இரண்டு வருஷமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். பால் ஸ்கீன்ஸ் பள்ளி முடிக்கும்போது பெரிய காலேஜ்கள் வரிசையில் நிற்கவில்லை. விமானப்படை அகாடமியில் கேட்சராகவும் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு லூசியானா ஸ்டேட் போய், 2023 டிராஃப்டில் முதல் ஆளாக 92 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். 16 வயதில் கண்ணில் படாததால் கெட்டுப்போனவர்கள் குறைவு.

கோச்சிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு இதில் சங்கடமான இடமாக இருக்கும். நம்மவர்களுக்கு வாத்தியார் ஸ்தானத்தில் இருப்பவரை மறுத்துப் பேச வராது. மறுக்க நேர்ந்தால் ஒரேயடியாகச் சண்டையாகிவிடும். இரண்டும் வேண்டாம். சீசன் தொடங்கும் முன்பே இரண்டு கோச்சுக்கும் ஒரே மின்னஞ்சல், இருவர் பெயரும் மேலே தெரியும்படி அனுப்புங்கள்: வாராவாரம் ஞாயிறு இரவு இவனுடைய பந்துக் கணக்கு உங்கள் இருவருக்கும் வரும், இந்த அட்டவணைப்படிதான் இறங்குவான் என்று. பிறகு விவாதம் இல்லை, தகவல் மட்டும்: "கோச், சனிக்கிழமை 72 பந்து வீசியிருக்கிறான். புதன்கிழமைக்கு முன் மவுண்டில் ஏறமாட்டான். அதுவரை முதல் பேஸில் ஆடத் தயார்." உருப்படியான கோச் இதைப் பார்த்து நிம்மதியடைவார், அவருக்கும் தெரியாத பாதி வாரம் அதில் இருக்கிறது. கோபப்படும் கோச்சைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரியவந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் பிட்சரை உட்கார வைப்பதை ஒரு கோச்சே செய்து காட்டினார். அங்கே கோஷியென் பள்ளிப் போட்டி என்றால் நாடே நின்று பார்க்கும். 1998இல் யோகோஹாமா பள்ளியின் டைசுகே மட்சுசாகா காலிறுதியில் 17 இன்னிங்ஸ், 250 பந்து வீசினார். இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. அது வீரக்கதையாகிவிட்டது. 2019 ஜூலையில் இவாதே மாகாண இறுதி ஆட்டம். ஜெயித்தால் கோஷியென். ஓஃபுனாதோ பள்ளியின் ரோகி சசாகி அந்த வசந்தத்தில்தான் 163 கிலோமீட்டர் வேகம் தொட்டவர். முதல் நாள் அரையிறுதியில் 129 பந்து; அதற்குச் சில நாள் முன்பு ஒரே ஆட்டத்தில் 194. கோச் யோஹே கொகுபோ அவரை இறக்கவே இல்லை. ஓஃபுனாதோ 12-2 என்று தோற்றது. பள்ளிக்குத் திட்டித் தொலைபேசிகள் குவிந்தன. மூன்று வருஷம் கழித்து, 2022 ஏப்ரல் 10 அன்று, 20 வயது சசாகி சிபா லொட்டே அணிக்காக 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் ஆட்டத்தை முடித்தார். அதற்கு அடுத்த ஆட்டத்திலும் எட்டு இன்னிங்ஸ் ஒருவரும் பேஸ் ஏறவில்லை. 102 பந்தானதும் மேனேஜர் வெளியே எடுத்துவிட்டார். இத்தனை ஜாக்கிரதையாக வளர்த்தும், 2025இல் டாட்ஜர்ஸ் அணிக்குப் போன முதல் வருஷமே தோள் கோளாறால் பல மாதம் உட்கார வேண்டியிருந்தது. கணக்கு வைத்தால் காயமே வராது என்று நான் சொல்லவில்லை. கணக்கு வைக்காவிட்டால் எதனால் வந்தது என்றுகூடத் தெரியாது.

வேகத்தைப் பற்றி. மேஜர் லீக்கில் 2008இல் சராசரி வேகப்பந்து மணிக்கு 91 மைல். 2024இல் 94 தாண்டிவிட்டது. 2024 டிசம்பரில் லீக்கே ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டு, காயங்கள் கூடுவதற்கு முதல் காரணம் வேகத்தையும் சுழற்சியையும் துரத்துவதுதான், அது பள்ளி வயதுக்கே இறங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. உங்கள் மகன் 16 வயதில் 88 வீசுவது உண்மையிலேயே நல்ல வேகம். அதை இந்த வருஷமே 92 ஆக்குகிறேன் என்று சொல்லும் பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டும் முன், எடை கூட்டிய பந்துகளைப் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். பள்ளி வயதுப் பிட்சர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஆறு வாரம் நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. எடைப்பந்து குழுவின் வேகம் மூன்று சதவீதம் போலக் கூடியது. அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் காயப்பட்டார், மற்றக் குழுவில் ஒருவரும் இல்லை. உயரமும் எடையும் இன்னும் கூடவேண்டிய பையனுக்கு வேகம் தானாகவே இரண்டு வருஷத்தில் வரும். கர்வ் பந்து போட்டால் கை போய்விடும் என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். அதற்கு ஆய்வில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை, முழுவேக ஃபாஸ்ட்பால்தான் முழங்கைக்குப் பெரிய சுமை. நீங்கள் பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்-அப் பந்தைக் கற்றுத்தரும் ஆளுக்குச் செலவழியுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதற்கு குமார் ராக்கரின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பெயரைப் பார்த்து நம் வீடுகளில் பலரும் காது கொடுத்த பையன் அவர். தாய் வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள், அப்பா ட்ரேசி ராக்கர் பெயர்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். 2018இல் ஜார்ஜியாவில் பள்ளி முடித்தபோது கொலராடோ ராக்கீஸ் அவரை 38ஆவது சுற்றில் எடுத்தது. திறமைக்கு அது மதிப்பெண் இல்லை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறேன் என்று உறுதியாக இருந்த பையனை அணிகள் கீழ்ச் சுற்றில் சும்மா பெயருக்கு எடுத்து வைக்கும். அவர் கையெழுத்திடவில்லை. 2019 ஜூன் மாதம், முதலாண்டு மாணவராக, தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் டியூக் அணியை ஒரு ஹிட் கூட இல்லாமல் முடக்கி 19 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். அந்த வருஷம் காலேஜ் உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அன்றைக்கு டியூக்குக்கு எதிராக வீசியது 131 பந்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 19 வயதுக்கு அட்டவணை சொல்லும் உச்சவரம்பு 120.

2021 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்து, 60 லட்சம் டாலருக்குப் பேச்சு முடிந்ததாகச் செய்தி வந்தது. பிறகு மருத்துவப் பரிசோதனை. அணிக்குப் பிடிக்கவில்லை, ஒப்பந்தம் போடாமலே கெடு முடிந்தது. டிராஃப்டுக்கு முன்பே எம்ஆர்ஐ கொடுக்கும் திட்டத்தில் அவர் சேரவில்லை. அதனால் அணி ஒரு குறைந்தபட்சத் தொகை தந்தாக வேண்டும் என்ற பாதுகாப்பும் அவருக்கு இல்லை. அந்த செப்டம்பரில் தோளில் சிறிய அறுவை. 2022இல் ட்ரை-சிட்டி என்ற சுயேச்சை லீக் அணியில் சில ஆட்டம் வீசிக் காட்டினார். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. 2023இல் டாமி ஜான் அறுவை. 2024 செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் மேஜர் லீக்கில் இறங்கினார்.

இதே மாதிரி இடறி, பிறகு எழ முடியாமல் போனவர் பிரேடி ஐக்கன். 2014இல் சான் டியேகோ பள்ளியிலிருந்து நேராக முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸோடு 65 லட்சத்துக்குப் பேசி, பரிசோதனையில் முழங்கை நார் பற்றிச் சந்தேகம் வந்து, தொகை குறைக்கப்பட்டு, கையெழுத்தாகாமல் போயிற்று. அடுத்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே நார் போனது. கிளீவ்லாந்து 17ஆவது ஆளாக எடுத்தது. மேஜர் லீக்கை அவர் பார்க்கவே இல்லை.

இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது, மருத்துவ ஆவணத்தை உங்கள் கையில் வைத்திருங்கள் என்பதுதான். இன்றிலிருந்து எந்த மருத்துவரிடம் போனாலும் ஸ்கேன், குறிப்பு எல்லாம் நகல் வாங்கி ஒரே கோப்பில் போடுங்கள். தேவையில்லாமல் எம்ஆர்ஐ எடுக்காதீர்கள்; எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். டாக்டர் ஆண்ட்ரூஸ் ஒருமுறை வலியே இல்லாத 31 தொழில்முறைப் பிட்சர்களின் தோளை ஸ்கேன் செய்தார். 90 சதவீதம் பேருக்குக் குருத்தெலும்பு வழக்கம்போல் இல்லை, 87 சதவீதம் பேருக்குத் தசைநாணில் மாற்றம். ஆனால் டிராஃப்ட் நெருங்கி, லீக் தேர்ந்தெடுக்கும் முன்னணிப் பட்டியலில் உங்கள் மகன் வந்தால், முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு, அப்படி உட்பட்டவருக்கு அந்த இடத்துக்கான நிர்ணயத் தொகையில் குறைந்தது 75 சதவீதம் தர அணி கடமைப்பட்டிருக்கிறது.

பள்ளி முடித்ததும் டிராஃப்டில் எடுத்து, நீங்கள் வேண்டாம் என்று நான்கு வருஷக் காலேஜில் சேர்ந்தால், மூன்றாம் வருஷம் முடியும்வரை அல்லது 21 வயதாகும்வரை மறுபடி டிராஃப்ட் கிடையாது. ஜூனியர் காலேஜ் என்றால் வருஷா வருஷம் உண்டு. டிராஃப்ட் இப்போது 20 சுற்றுதான். முன்பு 40 இருந்தது. ஸ்கவுட்கள் முன்கூட்டியே, 'உங்கள் தொகை என்ன?' என்று கேட்பார்கள். அதை அவர்கள் கேட்கும் முன்பே வீட்டில் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்து எழுதி வையுங்கள். என் அளவுகோல் இது: 20 வயதில் கை போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு, வரியும் ஏஜென்ட் கூலியும் போக, மீதியில் ஒரு வீட்டுக்கான முன்பணமாவது நிற்குமா? நான்கு லட்சம் டாலர் என்று சொன்னால் கையில் நிற்பது இரண்டரை லட்சத்துக்குச் சுற்றித்தான். மைனர் லீக் சம்பளத்தை நம்பாதீர்கள். 2023 ஒப்பந்தப்படி அந்த வருஷம் அடிமட்டத்தில் 19,800 டாலர், மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே 35,800 என்று இருந்தது. அதில் ஐந்தாறு வருஷம் ஓட்ட வேண்டியிருக்கும். எழுதிய தொகைக்குக் குறைவாக வந்தால் காலேஜ்; அன்றைக்கு ராத்திரி போனில் புதிதாக யோசிக்கக்கூடாது.

காலேஜ் கோச்கள் நேரடியாகப் பேச, இப்போதைய விதிப்படி பள்ளியின் மூன்றாம் வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை அனுமதியில்லை. அதன்பின் வருபவரிடம் ஸ்காலர்ஷிப் எவ்வளவு என்று கேட்கும் முன் வேறு மூன்று கேள்வி கேளுங்கள். போன வருஷம் உங்கள் முதலாண்டுப் பிட்சர்கள் எத்தனை இன்னிங்ஸ் வீசினார்கள்? ஐந்து வருஷத்தில் எத்தனை முழங்கை அறுவை? பந்து எண்ணுவது யார், அவர் சொன்னால் நீங்கள் ஆளை வெளியே எடுப்பீர்களா? மழுப்பினால் புரிந்துவிடும். ஸ்காலர்ஷிப் கணக்கு 2025இல் மாறியிருக்கிறது: அணிக்கு மொத்தம் 11.7 முழு ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய், புதிய ஏற்பாட்டில் சேர்ந்த காலேஜ்களில் 34 பேர் அணிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். தரவேண்டும் என்று கட்டாயமில்லை. எழுத்தில் வாங்குங்கள். படிப்பையும் விடாதீர்கள், முதல் பிரிவுக் காலேஜில் ஆட 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 ஜிபிஏவும் வேண்டும். எந்தப் பாடம் கணக்கில் வரும் என்று பள்ளி கவுன்சிலரிடம் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த 'அட்வைசர்' விஷயம். அவரிடம் காபி குடித்தது தவறில்லை. ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஷூ, கையுறை, விமான டிக்கெட் எதுவும் வாங்காதீர்கள். அணியோடு யார் எப்படிப் பேசலாம் என்பதில் காலேஜ் தகுதியைக் காவு வாங்கும் விதிகள் இருக்கின்றன. அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன. மகன் சேர நினைக்கும் காலேஜின் விதிமுறை அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள். அட்வைசரிடம், அவர் மேஜர் லீக் வீரர் சங்கத்தின் சான்று பெற்ற ஏஜென்டா என்றும், பள்ளியிலிருந்து நேராகக் கையெழுத்திட்டு, பிறகு காயப்பட்ட பையன்களின் குடும்பம் இரண்டோடு பேச முடியுமா என்றும் கேளுங்கள். மேஜர் லீக்குக்குப் போனவர்களின் பெயரை அவரே சொல்வார். காயப்பட்டவர்களின் பெயரைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

நேராகத் தொழில்முறைக்கே போவது என்று ஆனால், ஒப்பந்தத்தில் காலேஜ் ஸ்காலர்ஷிப் திட்டம் என்ற பிரிவு கட்டாயம் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் படிக்கப் போனால் அணி கட்டணம் கட்டும். தொகையைப் பேரம் பேசலாம். இன்றைய கட்டணத்துக்கு இல்லாமல் சில வருஷம் கழித்து இருக்கப்போகும் கட்டணத்துக்குப் பேசுங்கள். ஆட்டத்தை விட்ட இரண்டு வருஷத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். அதையும் நோட்டில் எழுதி வையுங்கள். அந்த வயதில் பையனுக்கு ஞாபகம் இருக்காது.